காஜா பெராங் வாய்க்காலும் மூன்றாவது போத்தலும்

முதலில் ஒரு மன்னிப்பு. நம் வாசகர் வட்டத்தின் சுற்றிதழில் பயணக் கட்டுரை எழுதியவர்கள் எல்லாரும் ஊர் பார்க்கப் போனவர்கள். நான் போனது ஒரு வாய்க்காலையும் ஓர் அலுவலகத்தையும் பார்க்க. கூட்டங்களில் வாய் திறக்காத ஒருத்தி இத்தனை பக்கம் எழுதி நீட்டுகிறாளே என்று செயலாளருக்குத் தோன்றலாம். எழுதுவது எனக்குப் பேசுவதைவிடச் சுலபம். அதையும் சேர்த்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலாயாவுக்கு மெர்டேக்கா கிடைத்து, வெள்ளைக்காரர்கள் போய், இது மூன்றாம் ஆண்டு. ஆகஸ்டுப் பள்ளி விடுமுறை தொடங்கிய வாரம் மலாக்காவிலிருந்து என் சின்னம்மாவின் தபாலட்டை வந்தது. "வாரியத்துலேருந்து இங்கிலீஷ் கடுதாசி வந்திருக்கு. அடியில முத்திரை இருக்கு. நல்ல சேதிதான்னு சித்தப்பா சொல்றார். நீ வந்து படிச்சுச் சொன்னா ஊருக்கே சொல்லிரலாம்" என்று எழுதியிருந்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வரை போனவள் நான் ஒருத்திதான். ஆங்கிலத்தில் கடிதம் வந்தால் அது என்னிடம் வரும். இல்லையென்றால் நான் அதனிடம் போவேன்.

வியாழக்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸில் சிரம்பானிலிருந்து புறப்பட்டேன். மலாக்காவுக்கு ஏறக்குறைய ஐம்பது மைல். கட்டணம் இரண்டு வெள்ளி இருபது காசு. டிக்கெட் கேட்டபோது நடத்துநர் காதை என் பக்கம் சாய்த்தார். "சத்தமா சொல்லுங்க மிஸ், இஞ்சினு உங்களவிடப் பெரிசாப் பேசுது" என்றார். பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். வலப்பக்கம் உட்கார்ந்தால் ரெம்பாவ் வரை வெயில் முகத்தில் அடிக்காது. தம்பினில் பத்து நிமிடம் நிற்கிறது. கழிவறைக்குப் போக நினைப்பவர்கள் அங்கேயே போய்விடுவது நல்லது. அலோர் காஜாவைத் தாண்டியபின் சாலை நேராக இருக்கிறது. பத்து நாற்பதுக்கு மலாக்காவில் இறங்கினேன்.

காஜா பெராங் அங்கிருந்து ஒன்றரை மைல். டவுன் பஸ்ஸுக்குப் பத்துக் காசு; ஆனால் அரை மணிக்கு ஒரு தடவைதான் வருகிறது. நான் பேச்சாவில் போனேன். ஆளை ஓரத்தில் உட்கார வைத்து மிதிக்கும் மூன்று சக்கர வண்டி அது. ஐம்பது காசு. வண்டிக்காரர் மலாய்க்காரர், வயதானவர். வாய்க்காலை ஒட்டிய சந்து என்று சொன்னதும் திரும்பிப் பார்த்து, "அங்கே சொந்தக்காரர்களா? கைக்குட்டை வைத்திருக்கிறாயா?" என்று மலாயில் கேட்டார். வேடிக்கைக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

சந்தின் முனையிலேயே நெடி வந்துவிட்டது. ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மரத்தில் ஒட்டி உறைந்த நாள்பட்ட ஒட்டுப்பாலை ஊறப்போட்டால் வரும் நெடி. சித்தப்பா வீட்டுக்கு மேலே முந்நூறு கஜத்தில், ஒட்டுப்பாலைக் கழுவி அரைக்கும் பட்டறை ஒன்று இருக்கிறது. அதன் கழிவு நீர் வாய்க்காலில் இறங்கி, இந்தச் சந்தின் பின்புறமாக ஓடி, தெங்கேரா பக்கம் கடலில் சேருகிறது. வாய்க்காலின் அகலம் நான்கு அடி இருக்கும். நான் பார்த்தபோது தண்ணீர் காப்பி நிறத்தில் இருந்தது. மேலே சாம்பல் நிற ஏடு படிந்திருந்தது.

சித்தப்பா தோபி. வீட்டின் பின்னால் நான்கு சிமெண்டுத் தொட்டி, மூன்று துவைகல், கொடி கட்டிய காலியிடம். கிணறு வாய்க்காலிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி இருக்கிறது. போன மழைக்குப் பிறகு கிணற்றுத் தண்ணீரும் நிறம் மாறிவிட்டது. வெள்ளைத் துணிகளை அதில் அலச முடியாமல் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக் கொண்டுவருகிறார்கள். இதைப் பற்றித்தான் நான்கு மாதத்துக்கு முன் சித்தப்பாவும் சந்துக்காரர்களும் புகார் எழுதினார்கள். பட்டறையின் பெயரை அதில் எழுதவில்லை. தண்ணீர் நாறுகிறது, வந்து பாருங்கள் என்று மட்டும் எழுதினார்கள்.

புகார் போன இடம், மெர்டேக்காவுக்குப் பிறகு ஏற்பட்ட ஒரு வாரியம். ஆற்றையும் வாய்க்கால்களையும் அசுத்தமாகாமல் காப்பதற்கென்று தனிச் சட்டம் போட்டு அமைத்தது. இதழைப் படிப்பவர்களில் யாராவது இப்படி ஒரு புகாருடன் போக நேர்ந்தால் உதவும் என்பதால், சட்டத்தில் நான் படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பகலில் எந்த இடத்துக்குள்ளும் நுழைய வாரியத்தின் ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டு. அவர் தண்ணீர் எடுக்கலாம். எடுத்ததை மூன்று போத்தல்களில் ஊற்றி, அந்த இடத்துக்காரர் முன்னிலையில் முத்திரை வைக்க வேண்டும். ஒன்று சோதனைக்கு, ஒன்று வாரியத்துக்கு, மூன்றாவது இடத்துக்காரருக்கு. அதிகாரி தன் போத்தலில் ஏதாவது தப்புச் செய்தால் காட்டிக்கொடுப்பதற்கு அந்த மூன்றாவது. சோதனை முடிந்ததும் வாரியம் நோட்டீஸ் அனுப்பலாம். பதினாலு நாளுக்குள் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போய்த் தொழிலை நிறுத்த உத்தரவு வாங்கலாம். தானாகக் கதவைப் பூட்ட வாரியத்துக்கு அதிகாரம் இல்லை.

இதெல்லாம் மறுநாள் தெரிந்துகொண்டது. வியாழக்கிழமை எனக்குத் தெரிந்தது ஒரு கடிதம் மட்டுமே. அது சாமி மாடத்தில் இருந்தது. பக்கத்தில் அரக்கு முத்திரை வைத்த ஒரு போத்தல். அதற்கும் குங்குமம் வைத்திருந்தார்கள்.

நான் வந்தது தெரிந்து அடுத்த வீட்டு அம்மாவும் வந்துவிட்டார். பல தலைமுறைக்கு முன் இங்கே வந்த மலாக்கா செட்டி வம்சத்தவர்; மலாய்ப் பெண்களைப்போல் கெபாயாச் சட்டையும் சாரோங்கும் உடுத்தியிருந்தார். வீட்டில் முருகன் படம் இருக்கிறது, பேச்சு மட்டும் மலாய். "படித்த பெண் வந்துவிட்டாள். இனிமேல் வாய்க்கால்கூட இங்கிலீஷ் பேசும்" என்று மலாயில் சொல்லிவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். சித்தப்பா கை துடைத்துக்கொண்டு வந்தார்.

"படி பாப்பா. பட்டறைய எப்ப மூடுறாங்களாம்?"

மனதுக்குள் ஒரு தடவை படித்தேன். மறுபடியும் படித்தேன். கடிதம் பட்டறையைப் பற்றியதல்ல. 'உங்கள் இடத்தில் எடுத்த தண்ணீரில் சலவைச் சோடா அளவுக்கு மீறி இருக்கிறது. துவைத்த தண்ணீரை வாய்க்காலில் விடுவதை நிறுத்த வேண்டும். தவறினால் மாஜிஸ்திரேட்டிடம் போவோம்.' பெயர் சித்தப்பாவின் பெயர். கடைசியில் தேதி. எண்ணிப் பார்த்தேன். பதினாலாம் நாள் மறுநாள், வெள்ளிக்கிழமை.

சொன்னேன். எப்போதும்போல் மெதுவாகத்தான் சொன்னேன். யாரும் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை.

"நாறுதுன்னு சொன்னவனுக்கா நோட்டீசு?" என்றார் சின்னம்மா. "இவரு சந்து பூரா சொல்லிட்டாரே, வாரியம் நமக்கு எழுதியிருக்குன்னு."

"நமக்குத்தான எழுதியிருக்கு" என்றார் சித்தப்பா.

தண்ணீர் எடுத்த அன்று என்ன நடந்தது என்று கேட்டேன். ஆய்வாளர் இளைஞர், சீனர், காலில் வெள்ளைச் சப்பாத்துப் போட்டிருந்தாராம். வைக்கோல் அடைத்த மரப்பெட்டியில் மூன்று போத்தல் கொண்டுவந்தார். வாய்க்கால் கரையில் சேறு.

"சப்பாத்து பாழாயிருமேன்னு நான்தான் போத்தல வாங்கினேன். நீங்க குந்துங்க தவுக்கே, டீ குடிங்கன்னேன்." சீன முதலாளிகளை அழைப்பதுபோலவே அவரையும் தவுக்கே என்று அழைத்திருக்கிறார்.

"நீங்களா பிடிச்சீங்க சித்தப்பா?"

"பட்டறத் தண்ணி வர்ற எடத்துல எறங்கித்தான் புடிச்சேன். ஆனா போத்தல்ல ஒரே வைக்கத் தூசி. உள்ள சோடா போட்டு நல்லாக் கழுவிட்டுத்தான் புடிச்சேன்."

"மூணையுமா?"

"பின்ன? தோபி வீட்டுல அழுக்குப் போத்தல்ல புடிச்சுக் குடுத்தா நாளைக்கு எவன் வேட்டி குடுப்பான்?"

அவர் சோடா போட்டுக் கழுவினால் எவ்வளவு சோடா போடுவார் என்பது எனக்குத் தெரியும். அலசுவதற்கு அன்று நல்ல தண்ணீர் இல்லை. ஒரு தடவைதான் அலசியிருக்கிறார். 'என் இடத்தில் எடுத்த தண்ணீர்' என்று ஆங்கிலத்தில் எழுதி நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டிருக்கிறார்; புகார் கொடுத்தவர் போட வேண்டிய கையெழுத்து என்று நினைத்து. அதிகாரி ஏமாற்றினால் தெரிவதற்குத்தான் சட்டம் மூன்றாவது போத்தலைக் கொடுத்திருக்கிறது. தோபி ஒருவர் மூன்றையும் சுத்தம் செய்துவிடுவார் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது. குங்குமம் வைத்த போத்தலைத் திறந்து சோதித்தாலும் அதே சோடாதான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை துணி கொடுக்கும் வீடுகளுக்குச் சின்னம்மாவுடன் போகவேண்டியிருந்தது. அது தவறு. அரசாங்க அலுவலகங்கள் வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகப் பன்னிரண்டே காலுக்கு மூடி இரண்டே முக்காலுக்குத்தான் திறக்கும் என்பதை நான் மறந்திருந்தேன். நீங்கள் மறக்காதீர்கள். ஆற்றங்கரை ஓரத்து மாடிக் கட்டடத்துக்கு நான் போனபோது மணி பதினொன்று ஐம்பது. படி இருபத்திரண்டு. மேலே விசாரணைக் கூடம், நீளமான மேசை, கதவுக்கு இடப்பக்கம் பொதுமக்களுக்கு ஒரு பெஞ்சு. எட்டுப் பேர் உட்காரலாம். யாரும் இல்லை. பெஞ்சின் ஓரங்கள் தேயாமல் புதிதாகவே இருந்தன.

முன்மேசையில் பதிவேடு எழுதிக்கொண்டிருந்த கிராணி தமிழர், தலை நரைத்தவர். நான் சொன்னது அவருக்கு மூன்றாவது தடவைதான் கேட்டது.

"பட்டம் வாங்கின பிள்ளையா? கொரல மட்டும் இன்னும் வாங்கலையா?"

பட்டம் வாங்கியதை நான் சொல்லவில்லை. கைப்பையில் பல்கலைக்கழகச் சின்னம் இருந்தது. ஆனால் அவர் உதவி செய்தார். சட்டப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, படிக்க வேண்டிய பக்கத்தில் தபால்தலைத் துண்டு ஒன்றை வைத்தார். இருபது நிமிடம் படித்தேன். பதினாலு நாளுக்குள் ஆட்சேபம் கொடுத்தால், விசாரணை முடியும்வரை தொழிலை நிறுத்த வேண்டியதில்லை. ஆட்சேபத்தை ஏற்றால் வாரியம் புதிதாகத் தண்ணீர் எடுக்க வேண்டும். வாய்க்கால் ஆரம்பத்திலிருந்து எந்தெந்த இடத்தில் தண்ணீர் சேருகிறதோ அங்கெல்லாம் எடுக்கலாம். பட்டறையின் வாசலும் அதில் வரும்.

ஆட்சேபத்துக்கு அச்சடித்த தாள் இருக்கிறது. காரணம் மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். மூன்றாவது காரணம்: தண்ணீர் முறைப்படி எடுக்கப்படவில்லை. அதற்குக் கீழே ஒரு கட்டம்: முறை தவறிய அதிகாரியின் பெயர்.

"ஆய்வாளர் தன் கையால எடுக்கணும்னு சட்டம்" என்றார் கிராணி. "எடுக்கலேன்னா அதுலயே உங்க சித்தப்பா ஜெயிச்சிருவார். பையன் புதுசு. வேல இன்னும் உறுதியாகல. அது உங்க கவலையில்ல."

இன்னொன்றும் சொன்னார். "தோபித் தண்ணியும் தண்ணிதான் மிஸ். வாய்க்காலுக்குச் சின்னவன் பெரியவன் தெரியாது. குழி வெட்டி அதுல விடச் சொல்லுங்க." இது நியாயமான பேச்சு என்பதால் எழுதுகிறேன்.

பன்னிரண்டே காலுக்குக் கதவு மூடியது. கையெழுத்து சித்தப்பாவுடையதாக இருக்க வேண்டும். மறுபடியும் காஜா பெராங் போக வேண்டும். டவுன் பஸ் இல்லை. நடந்தேன். முப்பத்தைந்து நிமிடம். வெயிலில் போகிறவர்கள் குடை கொண்டுபோகவும்.

சித்தப்பா தொட்டியடியில் இருந்தார். தாளை அவர் முன்னால் வைத்துக் காரணங்களைத் தமிழில் சொன்னேன். பெயர்க் கட்டத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

"யாரு பேரு?"

"அந்த ஆய்வாளர் பேரு."

"அவரு என்னா செஞ்சாரு? டீ குடிச்சாரு."

"அதுதான் சித்தப்பா தப்பு. அவரே எடுத்திருக்கணும்."

"குடிங்கன்னு சொன்னது யாரு? போத்தலப் புடுங்கிக்கிட்டுப் போனது யாரு?"

பெயர் எழுதாவிட்டால் துவைகல் போய்விடும் என்று சொன்னேன். நிறுத்த உத்தரவு வந்தால் முப்பத்தோரு வீட்டுத் துணியையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னேன். சின்னம்மா துணிமூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் செஞ்சத நான் சொல்றேன், பாப்பா. சோடா போட்டுக் கழுவினேன்னு பெரிய மேசைக்கு முன்னாடி நின்னு சொல்றேன். அவரு செய்யாதத நீ எழுதாத."

ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். தமிழில். மூன்றாவது காரணத்தை நான் குறித்தேன்; பெயர்க் கட்டம் காலியாக இருந்தது.

திரும்பும்போது டவுன் பஸ் கிடைத்தது. இரண்டு நாற்பதுக்குப் படியடியில் நின்றேன். கதவு திறந்ததும் தாளைக் கொடுத்தேன். கிராணி கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"பேரு எழுதலையே."

"எழுத மாட்டார்" என்றேன். "தான் செஞ்சத மட்டும் சொல்றாராம்."

ஒரே தடவையில் கேட்டுவிட்டது அவருக்கு. "இந்தக் கொரல காலையிலேயே கொண்டாந்திருக்கலாம்" என்றார். "அவரு பேரு வாரியத்துக்குத் தெரியும் மிஸ். பதிவேட்டுல இருக்கு. பேரு காலியா இருந்தா தாள் செல்லாதுன்னு சட்டத்துல இல்ல. மேசையில இருக்கறவங்க நம்பணும், அவ்வளவுதான்."

மூன்று ஐந்துக்கு முத்திரை விழுந்தது. விசாரணை நாளையும் எழுதிக் கொடுத்தார். சித்தப்பாவுக்கு ஆங்கிலமும் தெரியாது, விசாரணையில் பேசும் அளவுக்கு மலாயும் வராது என்று சொன்னபோது, தமிழுக்கு வாரியத்தில் மொழிபெயர்ப்பாளர் இல்லை, தான் கிராணி என்பதால் தான் பேசக் கூடாது, சொந்தத்தில் ஒருவர் பேசலாம் என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

படியில் இறங்கும்போது வெள்ளைச் சப்பாத்து ஏறி வந்தது. அவர்தான் என்று உடனே தெரிந்தது. என்னை யாரென்று அவருக்குத் தெரியவில்லை. தோபி வீட்டுப் பெண் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. டீ நன்றாக இருந்தது என்றார். என் சித்தப்பா போத்தல்களைச் சோடா போட்டுக் கழுவினார் என்று சொன்னேன்.

"மூன்றையுமா?"

"மூன்றையும்."

கைப்பிடியில் கை வைத்தபடி சற்று நின்றார். பிறகு தலையசைத்துவிட்டு மேலே போனார். விசாரணையில் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் சிரம்பான் திரும்பினேன். அதற்கு முன் வாய்க்காலை இன்னொரு தடவை போய்ப் பார்த்தேன். அதே நிறம். வீட்டின் பின்னால், கிணற்றுக்கு எதிர்ப்பக்கம், சித்தப்பா குழிக்கு அளவு போட்டுக் கயிறு கட்டியிருந்தார். அடுத்த வீட்டு அம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "பட்டறை நாறுகிறது, தோபி குழி வெட்டுகிறார். நல்ல வாரியம்" என்றார். சித்தப்பா சிரித்தார், கயிற்றை அவிழ்க்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: போக வர பஸ்ஸுக்கு நான்கு வெள்ளி நாற்பது காசு. வாரியக் கட்டடத்துக்குக் கீழே சாப்பாட்டுக் கடை ஒன்று இருக்கிறது. இடியாப்பம் காலை பதினொரு மணிக்குத் தீர்ந்துவிடும். வாரியம் எடுத்த போத்தல் உங்கள் வீட்டில் இருந்தால் வெயில் படாமல் வையுங்கள். ஆங்கிலத்தில் எதை நீட்டினாலும் படித்துச் சொல்லச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். அதிகாரியின் சப்பாத்து நனைந்தால் நனையட்டும். சட்டம் கொடுக்கும் அதிகாரங்களை நான் படித்த மட்டும் பார்த்தால் அவை குறைந்தவை அல்ல. அதிகாரி கையைத் தண்ணீருக்குள் விட்டு எடுத்தால்தான் அவை வேலை செய்கின்றன. மலாக்காவில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

இதுவரை எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். விசாரணை அடுத்த மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு. சிரம்பானிலிருந்து முதல் பஸ் ஆறரைக்கு. ஒன்பது பத்துக்குப் போய்ச் சேரும். பஸ் நிலையத்திலிருந்து வாரியத்துக்கு நடந்தால் பன்னிரண்டு நிமிடம். விசாரணைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்று சட்டம் சொல்கிறது. வேலை நாள் என்பது தெரியும். நான்கு பேருக்கு மேல் இருந்த அறையில் நான் இதுவரை பேசியதில்லை. அன்று மேசையில் ஒன்பது பேர் இருப்பார்கள், சித்தப்பா சொல்வதை நான்தான் சொல்ல வேண்டும். நீங்கள் எதுவும் பேச வேண்டாம். கதவுக்கு இடப்பக்கத்து பெஞ்சில் யாராவது ஒருவர் வந்து உட்காருங்கள். நான் தலையைத் தூக்கும்போது தெரிந்த முகம் ஒன்று அங்கே இருக்க வேண்டும்.